அண்ணன் பெயர் ஆல்வின்

நான் படித்த அமெரிக்கச் சிற்றூரின் பொது நூலகத்தில் வருஷத்துக்கு ஒருமுறை பழைய புத்தகங்களை மலிவு விலைக்குத் தள்ளிவிடுவார்கள். 1999-இல் அப்படி ஒரு விற்பனையில் 50 சென்ட்டுக்கு வாங்கியதுதான் ஆர்சன் ஸ்காட் கார்ட் எழுதிய 'செவன்த் சன்'. ஆசிரியர் பெயர்கூட அப்போது எனக்குத் தெரியாது. பஸ்ஸில் படிக்க ஏதாவது வேண்டும், அவ்வளவுதான்.

முதல் நாற்பது ஐம்பது பக்கங்களுக்குள் ஒரு வெள்ளம் வருகிறது. மேற்கே குடியேறப் புறப்பட்ட ஒரு குடும்பம் ஹாட்ராக் என்ற ஆற்றை வண்டியில் கடக்கிறது. தாய் நிறைமாதக் கர்ப்பிணி. வேரோடு பிடுங்கப்பட்ட ஒரு பெரிய மரம் வெள்ளத்தில் நேராக வண்டியை நோக்கி வருகிறது. மூத்த மகன் விகர் பாய்ந்து அந்த மரத்தைத் திசை திருப்புகிறான். வண்டி தப்பிக்கிறது. அவன் மரத்தோடு போய்விடுகிறான். ஆனால் உடனே சாகவில்லை. அப்பா ஏழாவது மகன். பிறக்கப்போகும் குழந்தையும் ஏழாவது மகனாக இருக்கவேண்டுமென்றால், அது பிறக்கிற நொடியில் ஆறு அண்ணன்மாரும் உயிரோடு இருக்கவேண்டும். அதற்காக, உடம்பெல்லாம் நொறுங்கிப்போன விகர், உயிரைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறான். தம்பி பிறந்த செய்தி ஊர்ஜிதமான பிறகுதான் விடுகிறான்.

நான் இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன். டிசம்பர் மாதம். வெளியே பனி. கடைசி நிறுத்தத்தில் டிரைவர் திரும்பிப் பார்த்து, ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார். இல்லை என்றேன். அழுதுகொண்டிருந்தேன்.

எனக்கும் ஓர் அண்ணன் உண்டு. அப்பா கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். 1989-இல் அவர் போனபோது அண்ணன் பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷம், எனக்குப் பதின்மூன்று வயது. படிப்பை விட்டுவிட்டு அண்ணன் ஒரு மோட்டார் ரீவைண்டிங் கடைக்கு வேலைக்குப் போனார். நாலு வருஷத்தில் மெயின் ரோட்டில் சொந்தமாகக் கடை போட்டார். நான் இன்ஜினியரிங் முடித்து 1998-இல் மேற்படிப்புக்கு அமெரிக்கா கிளம்பிய அதே மாதம், அந்தக் கடையைக் காலி செய்துவிட்டு ஒரு சந்துக்குள் போனார். கடைக்குக் கொடுத்திருந்த அட்வான்ஸ் பணம்தான் என் விமான டிக்கெட். "எல்லாம் உனக்காகத்தான்யா" என்று அம்மா ஒருமுறை சொன்னாள். அதற்குமேல் யாரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. பஸ்ஸில் நான் படித்தது என் கதை என்றே நினைத்தேன். வெள்ளத்தில் போன மரம், சந்துக்குள் போன கடை.

*

'ஆல்வின் மேக்கர்' வரிசையில் இதுவரை நான் படித்தவை ஆறு: 'செவன்த் சன்' (1987), 'ரெட் ப்ராஃபெட்' (1988), 'ப்ரெண்டிஸ் ஆல்வின்' (1989), 'ஆல்வின் ஜர்னிமேன்' (1995), 'ஹார்ட்ஃபயர்' (1998), 'தி கிரிஸ்டல் சிட்டி' (2003). ஏழாவது மகனின் கதைக்கு ஏழாவது புத்தகம் ஒன்று வரும் என்று கார்ட் நெடுங்காலம் சொல்லிக்கொண்டிருந்தார். இதற்கெல்லாம் விதை ஒரு நீள்கவிதை. யூட்டா பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில், ஸ்பென்சரின் 'ஃபேரி குவீன்' காவியத்தின் தாக்கத்தில், அமெரிக்க எல்லைப்புறத்துப் பேச்சுமொழியில் ஒரு காவியம் எழுதினால் என்ன என்று முயன்றிருக்கிறார். அந்தப் பேச்சுமொழி நாவல்களிலும் அப்படியே வந்துவிட்டது. கதை சொல்லும் குரல் திண்ணையில் உட்கார்ந்து பேசும் கிழவரின் குரல். அந்தக் குரலுக்காகவே முதல் மூன்று புத்தகங்களைத் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன்.

கதை நடக்கும் அமெரிக்கா நாம் பாடத்தில் படித்த அமெரிக்கா இல்லை. இங்கிலாந்தில் கிராம்வெல்லின் தூய்மைவாத ஆட்சி கவிழவே இல்லை. அரசகுடும்பம் தப்பி ஓடி வந்து அமெரிக்காவின் தெற்கே, கேம்லட் என்று பெயர் வைத்த ஊரில் முடிசூடி உட்கார்ந்திருக்கிறது. நியூ இங்கிலாந்து இன்னும் தூய்மைவாதிகளின் கையில். அங்கே சூனியக்காரி என்று சொல்லித் தூக்கில் போடுவது நடைமுறையில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன ஐக்கிய நாடு. அதில் இராக்வாய் பழங்குடிகளுக்கென்று ஒரு மாநிலமே இருக்கிறது. ஜார்ஜ் வாஷிங்டன் இந்த உலகில் முதல் ஜனாதிபதி இல்லை, தலை வெட்டப்பட்ட ஒரு பிரபு. பெஞ்சமின் ஃபிராங்க்ளினை ஜனங்கள் மந்திரவாதி என்று பேசிக்கொள்கிறார்கள்.

மாற்று வரலாற்றுக் கதைகளில் பெரும்பாலும் யாராவது ஒரு போரில் ஜெயிப்பார்கள் அல்லது தோற்பார்கள். கார்ட் கேட்ட கேள்வி வேறு. அந்தக் காலத்துக் குடியானவர்கள் நம்பியதெல்லாம் நிஜமாக இருந்திருந்தால்? தொழுவத்துக் கதவில் வரைந்த ஹெக்ஸ் சக்கரம் உண்மையிலேயே வீட்டைக் காத்தால்? தலையில் சவ்வோடு பிறந்த பிள்ளைக்கு உண்மையிலேயே விசேஷம் இருந்தால்? இவையெல்லாம் அவர் இட்டுக்கட்டியவை அல்ல. பென்சில்வேனியாவின் ஜெர்மன் குடியானவர்களிடமும் அப்பலாச்சிய மலை ஜனங்களிடமும் புழங்கியவை. நாவலில் சாதாரண மனிதர் ஒவ்வொருவருக்கும் ஒரு 'நாக்' உண்டு. ஒருத்திக்கு நெருப்பு சொன்னபடி கேட்கும். ஒருத்தன் செய்யும் பீப்பாயில் ஒரு சொட்டு ஒழுகாது. நம் ஊரில் இதைக் கைவாகு என்போம்.

அண்ணனுக்கு அது உண்டு. ஓடுகிற மோட்டார் மேல் உள்ளங்கையை வைப்பார். "பேரிங் போகப் போகுது, இன்னும் ஒரு வாரம்" என்பார். ஒரு வாரத்தில் போகும். எரிந்த ஸ்டேட்டரைப் பிரித்து, பழைய காயிலை உருவி, ஒவ்வொரு காடிக்கும் காகிதம் வைத்து, புதுத் தாமிரக் கம்பியை இறக்கிக் கட்டி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்து அவர் தருகிற மோட்டார் திரும்பி வந்தது என்று நான் கேள்விப்பட்டதில்லை. 'ப்ரெண்டிஸ் ஆல்வின்' நாவலில் ஆல்வின் கொல்லனிடம் தொழில் பழகும் அத்தியாயங்களை அண்ணனின் கடையை மனதில் வைத்துத்தான் படித்தேன். அதில் கிணறு வெட்டும் இடம் ஒன்று வரும். நீரோட்டம் பார்ப்பவர் கவைக்குச்சியோடு வந்து ஓர் இடத்தைக் குறித்துத் தருவார். ஆல்வின் அங்கே தோண்டினால் பாறை. பிறகு தனக்குத் தோன்றிய இடத்தில் தோண்டுவான், தண்ணீர் வரும். கரிசல் காட்டில் பிறந்த யாருக்கும் அந்தப் பக்கங்களுக்கு விளக்கவுரை வேண்டாம்.

*

இரண்டாவது முறை படித்தபோதுதான் இது யாருடைய கதை என்று தெரிந்தது. கார்ட் ஒரு மார்மன். மார்மன்களை யூட்டாவுக்கு அழைத்துப்போன பிரிகம் யங்கின் வம்சத்தில் வந்தவர். ஆல்வினின் வாழ்க்கைக்கு அச்சு, மார்மன் மதத்தை நிறுவிய ஜோசப் ஸ்மித்தின் வாழ்க்கை. 1805-இல் வெர்மான்ட்டில் ஓர் ஏழைக் குடியானவர் வீட்டில் பிறந்தவர் ஜோசப். ஏழு வயதுவாக்கில் காலில் எலும்பு அழுகி, மயக்கத்துக்குக் குடிக்கச் சாராயமும் வேண்டாம், கட்டிப்போடவும் வேண்டாம் என்று சொல்லி, அப்பாவின் பிடியில் இருந்தபடியே எலும்பை வெட்டி எடுக்கவிட்டார் என்று அவருடைய அம்மா எழுதியிருக்கிறார். நாவலில் ஆல்வினின் காலில் திரிகைக்கல் விழுந்து, இதே போல் எலும்பில் அறுவை நடக்கிறது. ஜோசப்புக்குப் பொன் தகடுகள். ஆல்வினுக்குப் பொன் கலப்பை. ஜோசப் இலினாயில் நாவூ நகரைக் கட்டினார்; ஆல்வின் கனவு காண்பது பளிங்கு நகரம். ஜோசப்பை 1844 ஜூன் 27 அன்று கார்த்தேஜ் சிறையில் ஒரு கும்பல் சுட்டுக் கொன்றது.

இந்த ஒப்புமைகளை யாரும் கண்டுபிடித்துவிடலாம். என்னை உட்காரவைத்தது வேறு ஒன்று. ஜோசப் ஸ்மித்துக்கு ஓர் அண்ணன் இருந்தார். வீட்டின் மூத்த மகன். கூலிவேலை செய்து குடும்பக் கடனை அடைத்தவர். வயதான பெற்றோருக்கு நல்லதாக ஒரு மரவீடு கட்டிக்கொண்டிருந்தபோது, 1823 நவம்பரில் வயிற்றுவலி வந்தது. வைத்தியர் கொடுத்த ரசக்கலவை மருந்து உள்ளேயே தங்கிவிட்டது. சில நாட்களில் இறந்தார். வயது 25. சாகும்போது தம்பியைக் கூப்பிட்டு, நீ பார்த்ததாகச் சொன்ன அந்த ஏட்டை எப்படியாவது வாங்கிவிடு என்று சொன்னாராம். அவருடைய பெயர் ஆல்வின்.

ஞானஸ்நானம் வாங்காமல் செத்தவன் நரகத்துக்குத்தான் போவான் என்கிற மாதிரி அடக்கத்தன்று பாதிரியார் பேசியதாக அந்தக் குடும்பத்தில் நினைவு இருந்தது. ஜோசப் அதை மறக்கவில்லை. பன்னிரண்டு வருஷம் கழித்து, 1836 ஜனவரியில், ஒரு தரிசனத்தில் அண்ணனைச் சொர்க்கத்தில் பார்த்ததாகச் சொன்னார். செத்தவர்களுக்காக உயிரோடு இருப்பவர்கள் ஞானஸ்நானம் வாங்கிக்கொள்ளும் மார்மன் வழக்கத்துக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. ஒரு மதத்தின் முக்கியமான சடங்கு ஒன்று, அண்ணன் போன இடம் நல்ல இடமாக இருக்கவேண்டும் என்று ஒரு தம்பி பட்ட தவிப்பிலிருந்து வந்திருக்கிறது.

கார்ட் தன் நாயகனுக்கு ஜோசப் என்று பெயர் வைக்கவில்லை. செத்துப்போன அண்ணனின் பெயரை வைத்தார். மாற்று வரலாறு என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை. ஜனாதிபதி யார், எல்லைக்கோடு எங்கே என்பதெல்லாம் இரண்டாம் பட்சம். அண்ணன் பிழைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த ஒரு கேள்விதான். ஆனால் கணக்கு அங்கேயும் தீரவில்லை. ஆல்வின் பிழைக்க விகர் சாகவேண்டியிருக்கிறது.

இப்படிப் பார்க்க ஆரம்பித்தால் வரிசை முழுக்க அண்ணன் தம்பிகள்தாம். ஆல்வினுக்குப் பிறகு பிறந்த கால்வின், அண்ணனிடம் இருப்பது தனக்கில்லையே என்று வெந்து வெந்து கெட்டுப்போகிறான். 'ரெட் ப்ராஃபெட்'டில் ஷானீ இனத்துச் சகோதரர்கள் இருவர்.

*

அவர்கள் இருவரும் வரலாற்றில் இருந்தவர்கள். டெகும்சே அண்ணன். தம்பி லலவேதிகா ஒரு கண் போனவன், குடிகாரன், ஊரே ஏளனம் செய்தவன். 1805-இல் ஒரு நாள் செத்தவன் போல் கிடந்து எழுந்து, தரிசனம் கண்டேன் என்றான். குடியை விட்டான். டென்ஸ்க்வாடவா என்று பெயர் மாறிற்று. வெள்ளைக்காரனின் சாராயத்தையும் பழக்கங்களையும் விடுங்கள் என்று அவன் சொல்ல, பல இனத்தவரும் திரண்டு வந்தார்கள். 1808-இல் வாபாஷ் ஆற்றோரம், டிப்பகனூ ஆறு வந்து கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊர் உருவானது. தீர்க்கதரிசியின் ஊர் என்றே பெயர். 1811 நவம்பர் 7 விடியற்காலையில், சுமார் ஆயிரம் பேரோடு வந்து முகாமிட்டிருந்த கவர்னர் வில்லியம் ஹென்றி ஹாரிசனின் படையோடு சண்டை நடந்தது. டெகும்சே அன்று ஊரில் இல்லை, தெற்கே ஆதரவு தேடிப் போயிருந்தார். மறுநாள் ஹாரிசன் ஊரைக் கொளுத்தினார். 1813-இல் டெகும்சே தேம்ஸ் ஆற்றுச் சண்டையில் இறந்தார். ஹாரிசன் அந்த 'டிப்பகனூ'வைச் சொல்லியே ஓட்டுக் கேட்டு ஜனாதிபதியானார். பதவியேற்று 31 நாட்களில் செத்தும் போனார்.

நாவலில் அது சண்டை இல்லை, படுகொலை. தீர்க்கதரிசியின் ஜனங்கள் ஆயுதம் எடுக்காமல் நிற்கிறார்கள், ஆயிரக்கணக்கில் சுடப்பட்டு விழுகிறார்கள். மார்மன் வேதநூலில் ஆயுதங்களை மண்ணில் புதைத்துவிட்டுத் தாமே வெட்டுப்பட்டு நிற்கும் ஒரு கூட்டம் உண்டு. கார்ட் மனதில் அது இருந்திருக்கும். எனக்கோ 1782 மார்ச்சில் ஒஹையோவின் நாடன்ஹூட்டன் கிராமத்தில் நடந்தது நினைவுக்கு வந்தது. கிறிஸ்தவர்களாகிவிட்ட டெலவேர் இனத்தவர் 96 பேர், குழந்தைகள் உட்பட. பென்சில்வேனிய ஊர்ப்படை அவர்களைப் பிடித்து வைத்து, இரவு முழுக்க ஜெபம் செய்ய அவகாசம் கொடுத்து, காலையில் கொன்றது.

படுகொலைக்குப் பிறகு டென்ஸ்க்வாடவா விதிக்கும் சாபம்தான் இந்த வரிசையில் எனக்கு மறக்காத இடம். கொன்றவர்களின் கைகளில் ரத்தம் ஊறும். புதிதாகச் சந்திக்கும் அந்நியரிடம் நடந்ததை, தான் செய்ததை, முழுக்கச் சொல்லவேண்டும். சொன்னால் கை சுத்தமாகும். மறைத்தால் மறுபடி ரத்தம். வழிப்போக்கர் யாராவது அந்த ஊர்ப்பக்கம் போனால், வாசலில் நிற்கிற குடியானவர் ஒருவர் வந்து கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

இதை ஒரு மார்மன் எழுதினார் என்பது சாதாரணம் இல்லை. 1838-இல் மிசூரி கவர்னர் மார்மன்களை விரட்டவேண்டும் அல்லது அழிக்கவேண்டும் என்று உத்தரவே போட்டார். ஹான்ஸ் மில் என்ற இடத்தில் 17 பேர் கொல்லப்பட்டார்கள். அதே மார்மன்களின் ஊர்ப்படை 1857 செப்டம்பர் 11 அன்று தெற்கு யூட்டாவின் மவுன்டன் மெடோஸில், கலிஃபோர்னியாவுக்குப் போய்க்கொண்டிருந்த குடியேறிகள் சுமார் 120 பேரைக் கொன்றது. செய்தவர்கள் வெளியே சொல்வதில்லை என்று சத்தியம் செய்துகொண்டார்கள். இருபது வருஷம் கழித்து ஒரே ஒருவருக்குத் தண்டனை. அந்த மௌனத்துக்கு நேர்த் தலைகீழ் இந்தச் சாபம் என்று நான் வாசிக்கிறேன்.

குறைகளும் உண்டு. வெள்ளையருக்குக் கைவாகு, செவ்விந்தியருக்கு நிலத்தின் பாட்டு, கறுப்பருக்கு வேறொரு வகை என்று இனவாரியாக மந்திரத்தைப் பிரித்துக் கொடுத்திருக்கிறார். சாதிக்கு ஒரு குணம் என்று சொல்லக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது நெருடாமல் இருக்காது. பழங்குடிகள் எல்லோரும் மிசிசிப்பிக்கு மேற்கே போய், நடுவில் மூடுபனி இறங்கிவிடுகிறது. யாருக்கு அது நிம்மதி என்று கேட்கத் தோன்றும். நான்காவது புத்தகத்திலிருந்து திண்ணைக் கிழவரின் குரல் மங்கி, வழக்கறிஞர்களின் வாதம் மிஞ்சிவிடுகிறது. தன்பாலினத்தாரைப் பற்றிக் கார்ட் பொதுவெளியில் எழுதியவை என்னால் ஏற்க முடியாதவை. 2013-இல் 'எண்டர்ஸ் கேம்' படம் வந்தபோது அதைப் புறக்கணிக்கச் சொல்லி இயக்கமே நடந்தது. அடுத்தவரின் வலியை இவ்வளவு நுணுக்கமாக எழுதிய கை அதையும் எப்படி எழுதிற்று என்று யோசித்திருக்கிறேன். பதில் இல்லை. புத்தகங்களை அலமாரியிலிருந்து எடுக்கவும் இல்லை.

*

போன கோடையில் அண்ணனும் மதினியும் எங்களோடு இரண்டு மாதம் இருந்தார்கள். இண்டியானாபொலிஸில் எங்கள் வீட்டு நிலவறையில் ஊற்றுத் தண்ணீரை வெளியேற்றும் ஒரு பம்பு உண்டு. வந்த மூன்றாம் நாள் அதன் மேல் கையை வைத்துவிட்டு, "இது ரொம்ப நாளைக்கு வராது" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. மாற்றிவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை அவரை டிப்பகனூவுக்குக் கூட்டிப்போனேன். வீட்டிலிருந்து ஒன்றேகால் மணி நேரம். இப்போது அந்த ஊருக்கே 'பேட்டில் கிரவுண்ட்' என்று பெயர். ஓங்கி வளர்ந்த மரங்கள், வெட்டிவிட்ட புல், நடுவில் 1908-இல் நிறுத்திய உயரமான கல்தூண். வண்டியில் போகும்போதே ஆல்வின் கதையைச் சொன்னேன். அண்ணனுக்கு இங்கிலீஷ் புத்தகம் படிக்கும் பழக்கம் இல்லை, ஆனால் கதை கேட்பார். கலப்பை, கிணறு, கொல்லுப்பட்டறை எல்லாம் பிடித்திருந்தது. விகரைப் பற்றிச் சொன்னபோது ஒன்றும் சொல்லவில்லை.

மரநிழலில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். நாவலில் 'டேல்ஸ்வாப்பர்' என்று ஒருவர் வருவார். கதை கொடுத்துக் கதை வாங்கும் நாடோடி. அவர் வேறு யாருமில்லை, கவிஞர் வில்லியம் பிளேக்தான். இந்த உலகில் அமெரிக்காவுக்கு வந்துவிட்டார். கையில் ஒரு புத்தகம் வைத்திருப்பார். சந்திக்கிறவர்களிடம், நீ செய்ததில் அல்லது கண்ணால் கண்டதில் ஆக முக்கியமானதை ஒரு வரியில் எழுது என்பார். ஃபிராங்க்ளின்கூட அதில் எழுதியிருக்கிறார். மின்சாரம், அச்சு எல்லாம் விட்டுவிட்டு, 'அமெரிக்கர்' என்ற ஒரு மக்களை உண்டாக்கியதைத்தான் தன் ஆக்கமாகச் சொல்கிறார்.

"அண்ணே, உங்ககிட்ட அந்தப் புத்தகத்த நீட்டுனா என்ன எழுதுவீங்க?"

கேட்கும்போதே எனக்கு ஒரு பதில் தயாராக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். இருபத்தைந்து வருஷமாகச் சொல்ல முடியாத நன்றியைச் சொல்ல ஒரு வாசலாகத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

அண்ணன் கொஞ்ச நேரம் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் பயலுக்குத் தொழில் கத்துக்குடுத்தேம்லா, அதத்தான் எழுதணும்" என்றார்.

"எந்தப் பய?"

"நீ பாத்திருக்கடே. சந்துக் கடையில இருந்தாம்லா."

மெயின் ரோட்டுக் கடையில் 1997 வாக்கில் ஒரு பையன் வந்து சேர்ந்திருக்கிறான். ஊருக்கு வெளியே காலனியிலிருந்து. நல்ல கை. ஒருமுறை காட்டினால் போதும், காயில் கட்டிவிடுவான். கடைக்குப் பின்னால் கட்டடக்காரரின் வீடு, அங்கே ஒரு அடிபம்பு. மத்தியானம் கை கழுவ, குடிக்க, எல்லோரும் அதில்தான். பையனும் அடித்துக் குடித்திருக்கிறான். கட்டடக்காரர் கூப்பிட்டு, அவனை நிறுத்து, இல்லையென்றால் கடையைக் காலி பண்ணு என்று சொல்லியிருக்கிறார். அண்ணன் ஒரு வாரத்தில் காலி செய்துவிட்டார்.

"அட்வான்ஸ் பணம் திரும்பி வந்துச்சு. உனக்கு டிக்கெட் எடுக்கணும்னு அம்மா சொல்லிட்டிருந்தா, குடுத்தேன். அது வாஸ்தவம். ஆனா கடைய விட்டது உனக்காக இல்லடே. அப்படின்னா நெனச்சிட்டிருந்த?"

"அம்மா அப்படித்தானே சொன்னா."

"அம்மாவுக்கு அது சொல்லப் பிடிக்கல. தெருவுல கேட்டா என்ன சொல்லுவா? தம்பி அமெரிக்கா போறான், அதுக்காக விட்டான்னு சொன்னா மரியாதையா இருந்துச்சு. நானும் விட்டுட்டேன்."

அந்தப் பையனுக்கு இப்போது மெயின் ரோட்டில் கடை. அண்ணனுடையதைவிடப் பெரிசு. சப்மெர்சிபிள் மோட்டார் வேலையெல்லாம் அங்கேதான் போகிறது. அண்ணனே அனுப்பிவைக்கிறார்.

நான் இருபத்தைந்து வருஷமாக இருந்தது ஒரு மாற்று வரலாற்றில். அதில் அண்ணன் எனக்காக வெள்ளத்தில் பாய்ந்தவர், நான் ஏழாவது பிள்ளை. நிஜத்தில் அவர் வேறொருவனுக்காக, வேறொரு காரணத்துக்காக, தன் வாழ்க்கையில் தானே ஒரு முடிவு எடுத்திருக்கிறார். 'ப்ரெண்டிஸ் ஆல்வின்' நாவலின் நடுவிலேயே இது இருக்கிறது. அடிமைத்தாய்க்குப் பிறந்த ஆர்தர் ஸ்டூவர்ட் என்ற சிறுவனைப் பள்ளியில் சேர்க்க ஊர் மறுத்துவிடும். ஆசிரியை அவனைத் தனியாக வைத்துச் சொல்லிக்கொடுப்பாள். அவனைப் பிடித்துப்போக ஒஹையோ ஆற்றைத் தாண்டி ஆட்கள் வரும்போது ஆல்வின் அவனைக் காப்பான். ஆறேழு தடவை படித்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அண்ணனை விகராகவே பார்த்தேன். கொல்லுப்பட்டறையில் நின்றவர் அவர் என்று ஒரு தடவையும் தோன்றவில்லை.

வண்டிக்குத் திரும்பும்போது அண்ணன் சாதாரணமாகத்தான் சொன்னார். "நீ ஊருக்குக் கெளம்புறதுக்கு முந்துன நாள் சந்துக் கடைக்கு வந்த. அவன்தான் டீ வாங்கிட்டு வந்து ஊத்திக் குடுத்தான். நீ குடிக்கல."

எனக்கு நினைவிருக்கிறது. டீ சூடாக இருந்தது என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். வொர்க்பெஞ்ச் மேல், கம்பிச் சுருளுக்குப் பக்கத்தில் தம்ளரை வைத்தேன். பிறகு குடிக்கிறேன் என்றேன். அந்தப் பையன் எந்தத் தெருவிலிருந்து வருகிறான் என்று எனக்குத் தெரியாது என்று சொல்லமுடியாது. எங்கள் ஊரில் அது தெரியாமல் இருக்க வழி கிடையாது. சூடாக இருந்தது என்பதும் உண்மைதான். ஆறியபிறகும் குடிக்கவில்லை.

"அவன் பாத்தானா?" என்று கேட்டேன்.

"பாக்காம? அவன்தான தம்ளரக் கழுவுனான்."

திரும்பி வரும் வழியில் இருபுறமும் சோளக்காடு. அண்ணன் தூங்கிவிட்டார். இந்தக் கட்டுரையைக் கார்ட்டின் நாவல்களைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். முதல் வடிவத்தில் டீ வரவில்லை. பஸ்ஸில் அழுததோடு, ஜோசப் ஸ்மித்தின் அண்ணனோடு, நன்றாகத்தான் முடிந்திருந்தது. இரண்டு நாள் கழித்து எடுத்துப் படித்தபோது சரியாக இல்லை. படிக்கிற உங்களில் பெரும்பாலோரை நான் பார்த்ததில்லை. 1998 ஜூலையில் ஒரு பையன் கொடுத்த டீயை நான் குடிக்கவில்லை. அவனிடம் இன்னும் போய்ச் சொல்லவில்லை. டிசம்பரில் ஊருக்குப் போகிறேன்.